பெயரிடாத பிள்ளைகளின் பெயர்ச்சீட்டு

வாளையாற்றைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு என்று மேற்கே போனாலும் சரி, போடிமெட்டு ஏறித் தேவிகுளம், மூணாறு, மறையூர் என்று மலைமேல் திரிந்தாலும் சரி, தமிழ் பேசும் வீடுகளில் ஒருவருக்கு ரத்தம் செலுத்தப்பட்ட செய்தியை 'ரெண்டு பாட்டில் ஏத்தினாங்க' என்றே சொல்லக் கேட்கிறோம். பாட்டில் ஒழிந்து ஒரு தலைமுறைக்கு மேலாகிறது; மெல்லிய பிளாஸ்டிக் பைதான் இப்போது எங்கும் தொங்குகிறது; ஆயினும் சொல் மட்டும் கண்ணாடியைக் கைவிடவில்லை. அதே வீட்டில் பச்சைக் குழந்தையைப் பற்றிப் பேச்சு வந்தால் பாட்டில் கணக்கு நின்றுவிடும். 'பெட்டியில வெச்சிருக்காங்க', 'லைட்டுல வெச்சிருக்காங்க', 'ரத்தம் மாத்தணுமாம்' என்று குரல் தாழ்ந்துவிடும். தாழ்ந்த குரலில் சொல்லப்படும் இந்த மூன்று வாக்கியங்களுக்கும் பின்னால் நூறு வருஷத்துச் சரித்திரம் ஒன்று இருக்கிறது.

நம் முன்னோர் பிறந்த பிள்ளைக்கு உடனே பெயர் வைத்ததில்லை. தமிழ் வீடுகளில் தீட்டுக் கழித்துப் புண்ணியாகவாசனம் செய்யும் 11-ஆம் நாளில், சிலரிடையே 16-ஆம் நாளில், மலையாள வீடுகளில் அரையில் நூல் கட்டும் 28-ஆம் நாளில்தான் பிள்ளை ஒரு பெயருக்கு உரியதாகும். சாஸ்திரம் இதற்கு எக்காரணம் சொன்னாலும், பிள்ளை தங்குமா என்று பார்த்துவிட்டுப் பெயர் வைத்தார்கள் என்பதே என் எண்ணம். பிறந்தவை ஒன்றன்பின் ஒன்றாய்ப் போன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் புரட்டியெடுத்துக் குப்பன் என்றும், தவிட்டுக்கு விற்று வாங்கித் தவிடன் என்றும், பிச்சை என்றும் அழைத்த வழக்கம் எதைக் காட்டுகிறது? நல்ல பெயரிட்டால் யமன் தெரிந்துகொள்வான் என்ற அச்சத்தையே காட்டுகிறது. ஆஸ்பத்திரியின் நியாயம் இதற்கு நேர் மாறானது. அங்கே பிள்ளை பூமியில் விழுந்த முதல் நிமிஷத்திலேயே அதற்கு ஓர் அடையாளம் வேண்டும்; பெயரில்லாத பிள்ளைதான் அங்கே அபாயத்தில் இருக்கிறது. ஆகவே தாயின் பெயரைக் கடன் வாங்கி, 'பேபி ஆஃப் மாரியம்மாள்' என்று ஒரு சீட்டில் எழுதி, மணிக்கட்டிலோ கணுக்காலிலோ கட்டிவிடுகிறார்கள். ரத்தத்தைப் பற்றிய இக்கட்டுரை பெரும்பாலும் அந்தச் சீட்டைப் பற்றியதுதான்.

இந்த எல்லைப் பிரதேசத்தின் பூர்வ கதையையும் சற்றே சொல்ல வேண்டும். சுதந்திரம் வரும்வரையில் இது மூன்று அரசாங்கங்களுக்கு உட்பட்டுக் கிடந்தது. பாலக்காடு மலபார் ஜில்லாவைச் சேர்ந்து சென்னை ராஜதானியின் கீழும், அதன் அண்டையிலேயே உள்ள சித்தூர் கொச்சி மகாராஜாவின் கீழும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் கீழும் இருந்தன. மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டுக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழே வீட்டுப் பாஷை. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு ராஜ வம்சத்தாரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்த பிறகு, கங்காணிகளின் பின்னே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மலையேறிய ஜனங்களால் மூணாறும் அவ்விதமே தமிழ் ஊராயிற்று. தேயிலையைக் கீழே இறக்குவதற்கு டாப் ஸ்டேஷனிலிருந்து போடிப் பக்கத்துக் கொட்டகுடி வரைக்கும் கம்பிப்பாதை போட்டிருந்தார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1924-ஆம் வருஷப் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போகும்வரையில் ஒரு சிறு ரயிலும் ஓடிற்று. தேயிலைப் பெட்டி ஆகாய மார்க்கமாகத் தொங்கி இறங்கிய அந்நாளில், பிரசவ வேதனை கண்ட கொழுந்துக்காரி லயத்துத் திண்ணையிலேயே கிடந்தாள். தேயிலைக்குச் செய்த வசதியை அவளுக்கும் செய்திருக்கலாமே என்று இப்போது எழுதுவது சுலபம்; அன்று அவ்விதம் நினைத்தவர்களும் மிகச் சொற்பம். வால்பாறைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி. எச். டேனியல் 1969-இல் வெளியிட்ட 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவல், பிற்பாடு இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் 'எரியும் பனிக்காடு' என்று நம்மவர்க்குப் பரிச்சயமாயிற்று. அந்தக் காலத்து லயங்களில் ஜனனமும் மரணமும் எவ்வளவு அருகருகே இருந்தன என்பதை அறிய விரும்புவோர் அதனைப் படிக்கலாம்.

மருத்துவச்சியை இழித்துப் பேசுவது நாகரிகமாகிவிட்ட காலம் ஒன்று இருந்தது. அவளுடைய அரிவாள்மனையும், கொப்பூழில் வைத்த சாம்பலும், ஒரு வாரத்துக்குள் வாய் பூட்டிக்கொண்டு ஜன்னி கண்டு இறந்த சிசுக்களும் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் நச்சுக்கொடி விழும்வரையில் கொப்பூழ்க்கொடியை அறுக்காமல் காத்திருந்த அவளுடைய வழக்கத்தை, கொடியை அவசரப்பட்டு இறுக்காதே, ஒன்று முதல் மூன்று நிமிஷம் பொறு என்று உலக சுகாதார ஸ்தாபனம் இன்று சொல்லும் உபதேசத்தின் அருகில் வைத்துப் பார்த்தால், வியப்பாகத்தான் இருக்கிறது. அந்த நிமிஷங்களில் நச்சுக்கொடியிலிருந்து பிள்ளைக்குப் போய்ச்சேரும் ரத்தம் பிள்ளையினுடைய சொந்த ரத்தம். அதற்குச் சோதனை வேண்டாம், சீட்டும் வேண்டாம். குறைமாதப் பிள்ளைகளுக்குப் பின்னால் ரத்தம் ஏற்றும் அவசியமே இதனால் குறைகிறது என்று வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். பிள்ளைக்குக் கொடுக்கப்படும் முதல் ரத்ததானம் என்று இதனைச் சொன்னால் தவறில்லை.

மருத்துவச்சியைப் பழித்து ஒதுக்காமல், அவள் வீட்டுப் பெண்ணையே அழைத்துப் பயிற்றுவித்தால் என்ன என்று நினைத்தவர் மேரி பூணன் லூக்கோஸ். திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரியும் அரண்மனை வைத்தியருமான டி. இ. பூணனின் மகளாக 1886-இல் பிறந்து, பெண் என்ற காரணத்தால் திருவனந்தபுரம் கல்லூரியில் விஞ்ஞானம் படிக்க இடம் மறுக்கப்பட்டுச் சரித்திரம் படித்துத் தேறி, லண்டன் சென்று வைத்தியப் பட்டம் பெற்று, 1916-இல் தாயகம் திரும்பித் தைக்காடு பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் பொறுப்பை ஏற்ற இந்த அம்மையார், 1938-இல் சமஸ்தானம் முழுமைக்கும் சர்ஜன் ஜெனரலாக உயர்ந்தார். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுவதை அவமானமாக நினைத்த ஜனங்களிடையே, மருத்துவச்சிகளின் பெண்களைச் சேர்த்துப் பிரசவப் பயிற்சி கொடுத்ததை, அவருடைய உத்தியோகப் பெருமைகளைவிட நான் பெரிதாக மதிக்கிறேன். இந்தப் பக்கம் சென்னை ராஜதானியில், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் வைத்தியர் இன்றிப் பிரசவத்தில் மாண்டதைக் கண்டு மனம் மாறிய ஐடா ஸ்கடர், வேலூரில் 1909-இல் தாதியர் பள்ளியைத் தொடங்கினார். 1926-இல் நர்ஸுகளையும் மிட்வைஃபுகளையும் பதிவு செய்யும் சட்டம் ராஜதானியில் வந்தது. இவ்வளவும் நடந்த பின்னரும், 1946-இல் வெளிவந்த, போர் என்பவர் தலைமை வகித்த சுகாதாரக் கமிட்டியின் அறிக்கை, தேசம் முழுவதுக்கும் இருந்த நர்ஸுகளைச் சுமார் 7,000 என்றும், 43,000 பேருக்கு ஒருவர் என்றும் கணக்குக் காட்டிற்று. ஆயிரம் சிசுக்களில் 162 முதல் வருஷத்தைக் காணாமல் மாண்டன என்ற 1937-ஆம் வருஷத்துக் கணக்கையும் அதே அறிக்கை தந்தது. கேரளத்தில் இன்று அந்தத் தொகை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருக்கிறது.

தோட்டங்களின் கதையில் 1951 ஒரு முக்கியமான வருஷம். அவ்வருஷம் நிறைவேறிய தோட்டத் தொழிலாளர் சட்டம், வைத்திய வசதியையும், பிரசவ உதவியையும், 50 பெண்களும் அதற்கு மேலும் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகத்தையும் முதலாளியின் கடமையாக்கிற்று. கம்பவுண்டரும் கலர்த் தண்ணீரும் இருந்த இடத்தில் படுக்கைகளும் பிரசவ அறையும் வந்தன. எனினும் ரத்தம் என்பது தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு எட்டாத விஷயமாகவே நெடுங்காலம் இருந்தது. அது ஏன் என்று தெரிந்துகொள்ள, மலையை விட்டு வெகுதூரம் போய்வர வேண்டும்.

பிறந்த பிள்ளைக்கு ரத்தம் செலுத்திப் பிழைக்க வைத்த பிரசித்தமான முதல் சம்பவங்களுள் ஒன்று 1908-இல் நியூயார்க்கில் நடந்தது. ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருந்த 5 நாள் பெண் சிசுவின் காலிலுள்ள நரம்பை, அதன் தகப்பனாரின் மணிக்கட்டு நாடியோடு நேரே சேர்த்துத் தைத்தார் அலெக்ஸிஸ் காரல். வெளுத்துக் கிடந்த சிசு சிவந்தது. லாண்ட்ஸ்டெய்னர் ரத்தப் பிரிவுகளை 1901-லேயே எழுதிவிட்டார். ஆனால் அந்த இரவில் யாரும் தகப்பன் ரத்தம் மகளுக்கு ஒத்ததா என்று பார்த்ததாகத் தெரியவில்லை. அதிர்ஷ்டம் இருந்தது. 1914-இல் சிட்ரேட் உப்பைக் கலந்தால் ரத்தம் உறையாது என்று பிரஸ்ஸல்ஸிலும் போனஸ் அயர்ஸிலும் தனித்தனியே கண்டார்கள். அன்றுதான் கொடுப்பவரும் கொள்பவரும் ஒரே அறையில் படுத்திருக்க வேண்டிய நிர்ப்பந்தம் நீங்கிற்று. அந்தச் சுகத்தோடு ஒரு புது அபாயமும் பிறந்ததைப் பலர் கவனிப்பதில்லை. தகப்பனும் மகளும் அருகருகே படுத்திருந்த வரையில் யார் ரத்தம் யாருக்கு என்ற சந்தேகமே எழ இடமில்லை; ரத்தம் பாட்டிலுக்குள் புகுந்த கணத்தில் அது யாருடையது என்பதைச் சீட்டு ஒன்றுதான் சொல்ல முடியும்.

1940-இல் ஆர்ஹெச் என்னும் அம்சம் தெரியவந்தது. அந்த அம்சம் இல்லாத தாய், அது உள்ள பிள்ளையைச் சுமந்தால், முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அப்பிரசவத்தில் தாயின் உடலுக்குள் சிந்திய பிள்ளையின் ரத்தம் அவளுக்குள் ஒரு பகையை மூட்டி வைக்க, அடுத்த பிள்ளையின் ரத்தத்தை அந்தப் பகை கருவிலேயே அழிக்கத் தொடங்குகிறது. 'மூத்தது ஒன்று நின்றது, பின்னே வந்ததெல்லாம் மஞ்சள் பூத்துப் போய்விட்டன' என்று நம் கிழவிகள் சொல்லி, குலதெய்வத்துக் குற்றம் என்று ஆடு வெட்டிய வீடுகளில் சிலவற்றிலேனும் நடந்தது இதுதான். நம் தேசத்தில் ஆர்ஹெச் இல்லாதவர்கள் நூற்றுக்கு 5 பேர் அளவில்தான், ஐரோப்பியரிடையே 15. ஆகையால் நம்மிடம் ஓ பிரிவுத் தாய்க்கு ஏ அல்லது பி பிரிவுப் பிள்ளை பிறந்து உண்டாகும் காமாலையே அதிகம் காணப்படுகிறது. காமாலைச் சாயம் அளவு மீறினால் மூளையில் படிந்து பிள்ளையை முடமாக்கும், அல்லது செவிடாக்கும், அல்லது கொன்றுவிடும். டொரொண்டோவில் ஹார்ட் என்பவர் 1925-லேயே ஒரு பிள்ளையின் ரத்தத்தை வாங்கி வேறு ரத்தத்தைச் செலுத்திக் காட்டியிருந்தார். 1940-களின் பிற்பகுதியில் பாஸ்டனில் லூயி டயமண்ட் கொப்பூழ் நரம்பின் வழியே மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செலுத்திச் செய்யும் முறையை வகுத்தார். 'ரத்தம் மாத்தணுமாம்' என்று நம் வீடுகளில் சொல்வது அந்த முறையைத்தான்.

அந்தக் காரியத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 3 கிலோ பிள்ளையின் உடம்பில் உள்ள மொத்த ரத்தமே சுமார் 250 மில்லி, நாம் காப்பி குடிக்கும் டம்ளர் இரண்டு நிரம்பாது. அதைப்போல் இரு மடங்கு, 500 மில்லி, உடற்சூட்டுக்குக் கொண்டுவரப்பட்டுத் தயாராகத் தொங்குகிறது. டாக்டர் ஊசிக்குழலில் 10 மில்லி வெளியே எடுக்கிறார்; 10 மில்லி உள்ளே விடுகிறார். இவ்விதம் 50 தடவை. பக்கத்தில் பேனாவும் காகிதமுமாக நிற்கும் சிஸ்டர், 'அவுட் 10', 'இன் 10' என்று உரக்கச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே போகிறாள். அவள் கண் காகிதத்தில் பாதி, பிள்ளையின் நெஞ்சில் பாதி. கை ஒன்று பிள்ளையின் பாதத்தில் சூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒன்றரை மணி நேரம் அந்த அறையில் வேறு பேச்சுக் கிடையாது. ஒரு கோடு விட்டுப்போனால் பிள்ளை 10 மில்லி கடன்பட்டுவிடும். இரண்டு கோடு விட்டால் அதன் இதயம் தடுமாறும். கூட்டல் கழித்தலில் இவ்வளவு பயபக்தியோடு ஒருவர் ஈடுபட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

குறைமாதத்தில் பிறந்து 1 கிலோ எடையில் பெட்டிக்குள் கிடக்கும் பிள்ளையின் விஷயம் வேறு. அதற்கு ஏற்றுவது 15 மில்லி, மருந்துக் கரண்டியில் மூன்று. மஞ்சள் நிற மூடியுள்ள மிகச் சிறிய ஊசியின் வழியே, மூன்று நான்கு மணி நேரத்தில், துளித்துளியாக இயந்திரம் தள்ளுகிறது. வளர்ந்தவருக்குத் தவறான பிரிவு ரத்தம் ஏறினால், 'குளிருது சிஸ்டர், இடுப்பு வலிக்குது' என்று கத்திவிடுவார். ஊசியைப் பிடுங்கவாவது சொல்வார். இந்தப் பிள்ளைக்கு நடுங்கவும் தெரியாது. நாடி சற்று விரைவதும், மூச்சு சற்று மாறுவதும், அணையாடையில் படும் மூத்திரத்தின் நிறம் கறுப்பதுமே அதன் பாஷை. முதல் 15 நிமிஷம் சிஸ்டர் நகராமல் நிற்பது அந்தப் பாஷையைக் கேட்பதற்காக. பிள்ளையின் ரத்தம் குறைவதற்கு முக்கிய காரணமே நாம் குதிகாலிலும் கையிலும் குத்திச் சோதனைக்கு எடுக்கும் ரத்தந்தான் என்பதையும் நல்ல சிஸ்டர்கள் அறிவார்கள்; எடுத்த ஒவ்வொரு மில்லியையும் ஒரு மூலையில் எழுதி வைத்திருப்பார்கள்.

இன்னொரு விசித்திரம்: இப்பிள்ளைக்கு ரத்தம் ஒத்துப்போகுமா என்று பார்க்கும்போது தாயின் ரத்தத்தையும் எடுத்துப் பார்க்கிறார்கள். பிள்ளையின் ரத்தத்தில் திரியும் எதிர்ப்புச் சரக்கு அதனுடையதே அல்ல, கருவில் தாய் கொடுத்தனுப்பியது. பெயர் தாயினுடையது, ரத்தத்தின் குணமும் தாயினுடையது. இரண்டு சீட்டுகளும் ஒன்றோடொன்று பொருந்தினாலன்றிக் காரியம் நடவாது.

பொருத்துவது சாமானியமல்ல என்பதை எல்லை ஊர்க்காரர்கள் அறிவார்கள். தாய் தன் பெயரைத் தமிழில் சொல்கிறாள். அட்டையில் மலையாளத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். ஒரு வார்டில் மூன்று செல்வி, இரண்டு முருகேஸ்வரி, நான்கு லட்சுமி. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி பல வருஷங்களுக்கு முன் எல்லையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிள்ளை பெற்றுக் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலிலும் ஒரு செல்வி. ரத்தப் பையோடு வந்த பணியாள், 'செல்விதானே?' என்று கேட்டான். அரை மயக்கத்தில் இருந்தவள் தலையை ஆட்டிவிட்டாள். பின்னாலேயே வந்த வயதான மலையாளி நர்ஸ் பையைக் கையில் வாங்கி, தலைமாட்டில் குனிந்து, தனக்குத் தெரிந்த தமிழில், 'அம்மா, உங்க பேரு சொல்லுங்க. முழுப் பேரு. வீட்டுக்காரர் பேரும் சொல்லுங்க' என்றாள். வீட்டுக்காரர் பெயர் பொருந்தவில்லை. பை திரும்பிப் போயிற்று. பயந்து கிடக்கும் ஏழைப் பெண் எந்தப் பெயருக்கும் தலையாட்டுவாள். ஆகவே பெயரைச் சொல்லிக் கேட்காதே, அவளையே சொல்லவிடு என்பது தாதியர் பள்ளியில் கற்பிக்கும் பாடம். அந்த அம்மாள் கட்டில் ஓரத்தில் நின்றபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைப் புத்தகத்தில் எழுதினாள்; வேறொன்றும் சொல்லவில்லை.

காமாலைக்கு ரத்தம் மாற்றும் அவசியம் இப்போது அபூர்வமாகிவிட்டதென்றால், அதன் கீர்த்தியில் பெரும்பங்கு ஒரு சிஸ்டரைச் சாரும். இங்கிலாந்தில் எஸெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளின் பொறுப்பிலிருந்த சிஸ்டர் ஜீன் வார்டு, வெயில் காயும் நாட்களில் பிள்ளைகளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காற்றாட வைப்பார். 1956-இல் ஒரு நாள் டாக்டர்கள் சுற்றிவந்தபோது ஒரு பிள்ளையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, ஒரு முக்கோணம் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக நின்றது. போர்வையின் நுனி மறைத்திருந்த இடம் அது. பின்பு ஜன்னலோர வெயிலில் மறந்து வைக்கப்பட்ட ரத்தக் குழாயில் காமாலைச் சாயம் இறங்கியிருந்தது கண்டு, விளக்கொளியில் பிள்ளைகளை வைக்கும் முறையை அந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் கிரிமரும் அவருடைய சகாக்களும் 1958-இல் பிரசுரித்தார்கள். நம் பாட்டிமார்கள் பச்சைப் பிள்ளையை இளவெயிலில் காட்டியது இதையே அறிந்துதான் என்று பெருமை பேசுவோர் உண்டு. பாட்டிமார்கள் அறிந்தது வெயில் நல்லது என்பது; முக்கோணத்தை அவர்கள் பார்க்கவில்லை. பார்த்தவள் தினமும் துணி மாற்றிய ஒருத்தி. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: மூர்க்கமான காமாலைக்கு வெயிலை நம்பி வீட்டில் காத்திருப்பது கூடாது, மலையிலிருந்து தாமதமாக இறங்கிவரும் பிள்ளைகள் இதற்குச் சாட்சி.

ரத்தத்தைப் பொறுத்தவரையில் பாட்டில் யுகம் 1980-கள் வரையில் இங்கே நீடித்தது. கண்ணாடி உடையும், ரப்பர் குழாயைக் கழுவிக் கழுவித் திரும்பப் பயன்படுத்த, கழுவியும் போகாத அழுக்கால் நோயாளிக்குக் குளிர்ஜுரம் கண்டது, காற்று உள்ளே புகுந்து நாடியை அடைக்கும் அபாயமும் உண்டு. பிளாஸ்டிக் பையைக் கடல் கடந்து வரவழைக்க வேண்டியிருந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தானின் தலைமையில் பைக்குரிய தொழில்நுட்பம் உருவாயிற்று; ஐ.ஏ.எஸ். பதவியை ராஜிநாமா செய்த சி. பாலகோபால் அதனை வாங்கி, பெனின்சுலா பாலிமர்ஸ் என்ற ஸ்தாபனத்தை நடத்தி, அவ்வூரிலேயே பைகளைச் செய்தார். பெரிய பையோடு மூடிய குழாய்களால் சேர்ந்த சின்னஞ்சிறு பைகளில் ஒருவரின் ரத்தத்தையே பங்கிட்டு வைத்து, ஒரே பிள்ளைக்குப் பல வாரங்கள் கொடுக்கலாம். பத்துப் பேரிடம் கடன்படாமல் ஒருவரிடம் மட்டும் கடன்படுகிறது பிள்ளை. சீட்டு எழுதும் வேலையும் ஒன்றாகக் குறைகிறது.

பைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி இருக்கவே இருக்கிறது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனீதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எய்ட்ஸ் கிருமியைத் தேசத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். அதுவரையில் ஆஸ்பத்திரி வாசலில் காசுக்கு ரத்தம் விற்போர் காத்திருந்த காட்சி எல்லா ஊர்களிலும் உண்டு. 'காமன் காஸ்' வழக்கில் 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் பிறப்பித்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் தேதியோடு அது சட்டப்படி ஒழிந்தது. 2018-இல் விருதுநகர் மாவட்டத்தில் கர்ப்பிணி ஒருத்திக்குக் கிருமியுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி வந்தபோது, சோதனை இருப்பதும் சோதனை செய்வதும் வேறு வேறு என்பது ஊருக்குத் தெரிந்தது.

மலைமேல் இத்தனைக்கும் முன்னால் ஒரு தடை, வழி. 1956-இல் தமிழ் பேசும் தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்று நடந்த போராட்டத்தின் சரித்திரம் வேறு. எல்லைக்கோடு விழுந்தபின் நோயாளி எந்தப் பக்கம் இறங்குவது என்ற கேள்விதான் இங்கே விஷயம். பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்குத் தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகவே சாலை. அட்டப்பாடியிலிருந்து ஆனைக்கட்டி தாண்டினால் கோயம்புத்தூர். மூணாற்றிலிருந்து போடிமெட்டு வளைவுகளில் இறங்கினால் தேனி. முதுவர் வசிக்கும் இடமலைக்குடியிலிருந்து நோயாளிகளைத் துணித் தூளியில் கம்பு கோத்துத் தோளில் சுமந்து வருகிறார்கள். 2010-இல் கேரளத்தின் முதல் ஆதிவாசிப் பஞ்சாயத்தாக அது அமைந்தும் சாலை எளிதில் வரவில்லை. ரத்தம் 2 முதல் 6 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும், எடுத்தால் 4 மணி நேரத்துக்குள் செலுத்தி முடிக்க வேண்டும் என்ற விதிகளைத் தூளி சுமப்பவர்களிடம் சொல்லிப் பயன் என்ன? பிள்ளைதான் ரத்தத்தைத் தேடி இறங்க வேண்டியிருக்கிறது.

அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் குடிகளில் 2013-இல் சிசுக்கள் அடுத்தடுத்து மாண்டபோது தாய்மாரின் சோகையும் பிள்ளைகளின் எடைக் குறைவும் வெளியே பேசப்பட்டன. அதே குடிகளில் அரிவாள் செல் நோயும் உண்டு. லேமன், கட்புஷ் என்ற ஆராய்ச்சியாளர்கள் அந்த ரத்த விசேஷத்தை 1952-லேயே அருகிலுள்ள நீலகிரியின் மலைக்குடிகளிடம் கண்டு எழுதியிருந்தார்கள். கண்டதற்கும் கவனித்ததற்கும் இடையே அறுபது வருஷம். கோட்டத்தறையில் ஆதிவாசிகளுக்கென ஆஸ்பத்திரி இருக்கிறது. 2014-இல் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் மருத்துவக் கல்லூரிகள் தொடங்கின. 2011-இல் மத்திய அரசின் திட்டத்தில் தாய்க்கும், பிறந்து 30 நாள் ஆகாத பிள்ளைக்கும் ரத்தம் இலவசமாக்கப்பட்டது. அந்த 30 நாளுக்குள் மலையாள வீட்டில் பெயரிடும் நாளும் வந்துவிடுகிறது.

பிள்ளை பிழைத்து வீடு திரும்பும் காலையில் ஆஸ்பத்திரிகளில் ஒரு சிறு சடங்கு நடக்கிறது. ஆட்டோ வாசலில் நிற்கும். பாட்டி பொட்டலம் கட்டிக்கொண்டு அவசரப்படுத்துவாள். சிஸ்டர் அவசரப்படுவதில்லை. பிள்ளையின் கணுக்காலிலுள்ள சீட்டைத் திருப்பிப் படிக்கிறாள், தாயின் மணிக்கட்டில் உள்ளதைப் படிக்கிறாள், புத்தகத்தைப் பார்க்கிறாள். 'உங்க பேரு சொல்லுங்க' என்று கடைசித் தடவையாகக் கேட்கிறாள். இத்தனை நாள் பார்த்துப் பேசிய முகந்தானே என்று தாய் சிரிக்கிறாள். சிஸ்டர் சிரிக்காமல் நிற்கிறாள். பெயர் சொன்ன பிறகே கத்தரிக்கோலை எடுக்கிறாள்.